சிக்கந்தர் தேரை

கால்வாய் முகாம், ஜெய்சல்மேர் மாவட்டம்
12 மே 2024

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் சுகத்தையும் அம்மாவின் முழங்கால் சுகத்தையும் எழுதுங்கள். எல்லை அருகில் என்பதால் இங்கே செல்போன் டவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஜீப் டவுனுக்குப் போகும்போது மட்டும் பேசலாம். மற்றபடி கடிதம்தான், பால் வண்டிக்காரர் வாங்கிக்கொண்டு போகிறார்.

ரயிலடியில் நீங்கள் கேட்டீர்களே, "தண்ணியே இல்லாத ஊருல தவளைக்கு என்ன சோலி?" என்று. இங்கே பாலைத் தேரை என்று ஒன்று இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி மணலுக்குள் புதைந்து கிடக்கும். மழை விழுந்ததும் நாலைந்து நாள் வெளியே வரும். ஆண் கத்தும். தன் இனத்தான் குரல்தானா என்று காதால் தெரிந்துகொண்டு பெண் வரும். குரல் தவறினால் குடும்பமே இல்லை.

போன வருட மழையில் கால்வாய் ஓரம் இங்குள்ளவர்கள் ஒரு குரலைப் பதிவு செய்தார்கள். அது பாலைத் தேரையின் குரல் மாதிரி இல்லை. புது இனமாக இருக்கலாம் என்கிறார் எங்கள் பேராசிரியர். அப்படியானால் அதைப் பிடித்து ஆராயப்போகிற எனக்குத்தான் பெயர் வைக்கும் உரிமை. நான் முடிவு செய்துவிட்டேன். குரலை வைத்துக் கண்டுபிடிக்கும் தேரைக்கு, கோயம்புத்தூரில் குரலுக்குப் பேர்போன ஆளின் பெயர்தான் பொருத்தம். சிக்கந்தர் தேரை.

இங்கே காற்று ஓயாமல் அடிக்கிறது. மைக்கில் இரைச்சலைத் தவிர ஒன்றும் விழவில்லை. உங்களிடம் வழி இருந்தால் சொல்லுங்கள்.

அம்மாவுக்கும் நம் கடையில் மயில்சாமி மாமாவுக்கும் என் சலாம்.

மகள்
நிலோஃபர்


கோட்டைமேடு, கோயம்புத்தூர்
25 மே 2024

என் அம்மணி நிலோஃபருக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கு அல்லாஹ் கிருபையில் எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் வலிக்கிறது, துணிக்கடையைக் கண்டால் வலிப்பதில்லை.

முப்பத்தைந்து வருடமாக மைக் பிடிக்கிறேன். 'சிக்கந்தர் சவுண்ட் சர்வீஸ்' என்று என் பெயரை வண்டிக் கதவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இப்போது தேரை மேலும் ஏறப்போகிறது. உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஏனுங்க, சொறித்தவளைக்குப் போயி உங்க பேரா? ஊருல வேற ஆளே கெடைக்கலியாமா?" என்றாள். ஆனால் மறுநாள் பக்கத்து வீட்டில் அவள்தான் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். ரகசியம் என்று சொல்லித்தான் மயில்சாமியிடம் சொன்னேன். அவன் டீக்கடையில் சொல்லிவிட்டான். இப்போது உக்கடம் வரைக்கும் நான் வாயைத் திறந்தால் தேரை சுகமா என்று கேட்கிறார்கள்.

காற்றுக்கு மருந்து பார்சலில் வருகிறது. மைக்குக்கு ரோமச் சட்டை போட்டால் இரைச்சல் அடங்கும். பீரோவில் இருந்த உன் கரடிப் பொம்மையின் தோலை உரித்துத்தான் தைத்தேன். கோபித்துக்கொள்ளாதே, கண் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

எனக்குத் தொண்டைதான் கொஞ்சம் கரகரப்பு. பெருந்துறையில் ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு நாள் முழுக்கக் கத்தியது. அதிமதுரம் மென்றுகொண்டிருக்கிறேன், சரியாகிவிடும்.

துஆவுடன்,
அத்தா


கால்வாய் முகாம்
21 ஜூன் 2024

அன்புள்ள அத்தாவுக்கு,

சலாம். பெருநாள் நல்லபடியாகப் போனதா? இங்கே ஒட்டகப் பாலில் சேமியா காய்ச்சினேன். சாப்பிட்டவர்கள் யாரும் என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை.

கரடிச் சட்டை பிரமாதம். காற்று சுத்தமாக அடங்கிவிட்டது.

உங்கள் பெயரைத் தாங்கப்போகிறவரின் கதையைக் கேளுங்கள். பாலைத் தேரைக்குத் தலை வழுவழுப்பாக இருக்கும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்திருக்குமே, அந்த ஊர்த் தேரைக்குக் கண்ணுக்கு மேல் மை தீட்டியது போல் கறுப்பாக ஒரு மேடு உண்டு. ஊர்த் தேரை இங்கே வர முடியாது, மணல் விடாது. ஆனால் கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் வந்த வழியிலேயே அதுவும் பிழைக்க வந்துவிட்டது. இப்போது கால்வாயின் இரண்டு கரையிலும் இரண்டு இனமும் இருக்கின்றன. நடுவில்தான் அந்த மூன்றாவது குரல்.

அத்தா, நான்கு ஞாயிறாக அம்மாதான் போனை எடுக்கிறார். நீங்கள் தொழப் போயிருக்கிறீர்கள், தூங்குகிறீர்கள், குளிக்கிறீர்கள். ஒரு மனிதர் இவ்வளவு குளிப்பாரா?

எனக்கு ஓர் உதவி வேண்டும். தேரைக் குரலை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டிப் பெண் தேரை வருகிறதா என்று பார்க்கப்போகிறேன். அதற்கு முன் ஸ்பீக்கரைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் 'மைக் டெஸ்டிங்'கை ஒரு மெமரி கார்டில் பதிந்து அனுப்புங்கள். குரல் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

நிலோஃபர்


கோட்டைமேடு
4 ஜூலை 2024

என் அம்மணிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், ஒட்டகத்தைச் சமையலறைக்குள் விடாதே.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தொண்டைக்கு ஒரு மாதம் ஓய்வு என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாதாம். அதனால்தான் போனுக்கு வரவில்லை, வேறு ஒன்றுமில்லை. ஆடித் தள்ளுபடி அறிவிப்பை எல்லாம் வேறு ஆளிடம் விட்டேன். அவன் வண்டியில் உட்கார்ந்து ஊர் முழுக்கத் 'தல்லுபடி, தல்லுபடி' என்கிறான். கேட்கிற எனக்குத்தான் அதிகம் வலிக்கிறது.

நீ கேட்ட குரலுக்குப் பதில் ஒரு பழைய கேசட்டைக் கார்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். சென்னிமலைத் தைப்பூசத் தேர், 2003. உனக்கு ஆறு வயது. மேடையில் காணாமல் போன பிள்ளைகளின் பெயரை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது நீயே காணாமல் போனாய். முறைப்படி மூன்று தடவை, "நிலோஃபர், எங்கிருந்தாலும் ஒலிபெருக்கி மேடைக்கு வரவும்" என்றேன். வரவில்லை. வீட்டில் யாரும் உன்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லையே. அது யார் வீட்டுப் பெண்ணோ என்று நீ பொரி தின்றுகொண்டிருந்திருக்கிறாய். முறையை எல்லாம் விட்டுவிட்டு, "அம்மணி, அத்தா கூப்புடறேன், வா கண்ணு" என்றேன். பெண்பிள்ளை எல்லாம் அம்மணியாக இருக்கிற சென்னிமலையில் மைக்கில் அம்மணி என்று கூப்பிட்டால் என்ன நடக்கும்? பதினொரு பெண்பிள்ளைகள் மேடைக்கு வந்து நின்றார்கள். பன்னிரண்டாவதாக நீ. நீ மட்டும்தான் "வாரேன், வாரேன்" என்று கத்திக்கொண்டே வந்தாய். அதுவும் கேசட்டில் விழுந்திருக்கிறது.

கார்டைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அத்தா


கால்வாய் முகாம்
29 ஜூலை 2024

அன்புள்ள அத்தாவுக்கு,

சலாம். தொண்டை எப்படி இருக்கிறது? ஒரு மாதம் முடியப்போகிறதே. அம்மாவின் சமையலைக் குறை சொல்லாமல் எப்படி நாளை ஓட்டுகிறீர்கள்?

கார்டை ஸ்பீக்கரில் போட்டேன். உங்கள் குரல் மணல்மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஆடு மேய்க்கும் இருவர் ஓடிவந்து, என்ன விற்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் சிரித்து, பிறகு கொஞ்சம் அழுதேன்.

21ஆம் தேதி மழை வந்தது. ஒரே நாளில் தரை முழுக்கத் தேரை. பாலைத் தேரை சின்னச் சின்னதாக வெட்டிவெட்டிக் கத்துகிறது. ஊர்த் தேரை நீளமாக இழுக்கிறது. மூன்றாவது குரல்காரனையும் பிடித்துவிட்டேன். நீளமாக ஆரம்பித்து நடுவில் உடைகிறது. தலையில் கறுப்பு மேடும் பாதிதான் இருக்கிறது. மூன்று நாள் அதன் பக்கத்திலேயே கிடந்தேன். அது விடாமல் கத்தியது. இரண்டு இனத்துப் பெண்ணும் அதைத் தாண்டிப் போயின, எதுவும் நிற்கவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

திசு மாதிரியை ஐதராபாத் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு செப்டம்பரில் வரும். அதுவரை டீக்கடையில் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

நிலோஃபர்


கோட்டைமேடு
14 ஆகஸ்ட் 2024

என் அம்மணிக்கு,

ஸலாம். அனைவரும் நலம். இங்கே நல்ல காற்று, வெயில் குறைந்துவிட்டது.

தொண்டைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓய்வு வேண்டுமாம். அம்மாவும் நானும் ஈரோட்டில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருக்கப்போகிறோம். அங்கே போனில் சரியாகக் கேட்காது. அதனால் கூப்பிட்டு அலைய வேண்டாம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பாதி மேட்டுக்காரன் கத்தி யாரும் வரவில்லை என்றாயே. தன் குரல் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்றால் அது என்ன செய்யும்? அடுத்த மழைக்கும் கத்துமா, இல்லை போதும் என்று மண்ணுக்குள் போய்விடுமா? தெரிந்தால் எழுது.

அந்தக் கார்டைத் தொலைத்துவிடாதே. மூலக் கேசட் அறுந்துபோயிற்று.

அத்தா


கால்வாய் முகாம்
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தாவுக்கு,

சலாம். இரண்டு மாதம் ஓய்வு என்றால் டாக்டர் வேறு என்ன சொன்னார்? அதை எழுதாமல் காற்றையும் வெயிலையும் எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மா வீட்டுப் போனில் எனக்கு எப்போதும் நன்றாகத்தான் கேட்டிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. புத்தகத்தில் தேடினேன், இல்லை. அடுத்த மழைக்குக் காத்திருக்கிறேன். பார்த்துச் சொல்கிறேன்.

உடனே பதில் போடுங்கள்.

நிலோஃபர்


கால்வாய் முகாம்
30 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தாவுக்கு,

சலாம். ஒரு மாதமாக உங்களிடமிருந்து எழுத்தே இல்லை. அம்மா போனில் நலம், நலம் என்கிறார். அந்த நலத்தில் நலமே இல்லை.

ஐதராபாத் முடிவு வந்துவிட்டது. ஒரு வாரமாக எழுதத் தயங்கினேன். அது புது இனம் இல்லை அத்தா. பாலைத் தேரைக்கும் ஊர்த் தேரைக்கும் பிறந்த கலப்பு. கலப்புக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. முதல் நாளே உங்கள் பெயரைச் சொல்லி ஆசை காட்டியது என் அவசரம். டீக்கடையில் உங்களை யாராவது கேலி செய்தால் அதற்கு நான்தான் காரணம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதற்கும் பதில் கிடைத்தது. செப்டம்பர் 6 அன்று மறுபடி மழை. அதே பாதி மேட்டுக்காரன் அதே பள்ளத்துக்கு வந்து, அதே உடைந்த குரலில் கத்தியது. முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு பெண் வந்து நின்றது. அதற்கும் தலையில் பாதி மேடுதான். விடிந்து பார்த்தால் தண்ணீரில் முட்டைச் சரம். இன்றைக்கு அந்தப் பள்ளத்தில் முந்நூறு குஞ்சுகளாவது இருக்கும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
நிலோஃபர்


கோயம்புத்தூர்
9.10.2024

நிலோஃபர் கண்ணுக்கு மயில்சாமி மாமா எழுதறது. சௌக்கியமா இருக்கறயா? எனக்கு எழுத்துத் தமிழ் வராது, பேசறாப்புலயே எழுதறேன்.

அண்ணன் உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு குரான் மேல சத்தியம் வாங்கப் பாத்தாரு. நான் இந்து, அது செல்லாதுன்னு சொல்லிப்போட்டேன். அவருக்குத் தொண்டைல புத்துநோய் கண்ணு. ஆகஸ்ட் கடைசில ஆப்பரேசன். ஈரோட்டுக்கெல்லாம் போகுல, ஆஸ்பத்திரிலதான் இருந்தாரு. நோவு பூராம் எடுத்தாச்சு, உசுருக்குப் பயமில்லீன்னு டாக்டரு தீத்துச் சொல்லிப்போட்டாரு. ஆனா குரல் பொட்டியவே எடுத்துப்போட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டை, அதுலதான் மூச்சு.

டார்ச் லைட்டாட்ட ஒரு கருவி குடுத்திருக்காங்க. கழுத்துல வெச்சு அமுத்துனா பேச்சு வரும். அத டப்பாவ உட்டு எடுக்கவே மாட்டீங்கறாரு. சிலேட்டுல எழுதிக் காட்டறாரு. கடைக்கு வாரதில்ல. ஆம்ப்ளிஃபயர் மேல தூசி ஏறிக் கெடக்குது. ஒருக்கா நான் சண்டை போட்டதுக்குச் சிலேட்டுல எழுதுனாரு, "புள்ள எந்தக் குரலுக்கு ஓடி வந்துச்சோ அது போச்சு மயிலு" அப்படீன்னு. எனக்குப் பொறுக்க முடியல, வெளிய வந்து நின்னுக்கிட்டேன்.

உடனே ஓடி வந்துடாத. உன்னயப் பாத்தா ஒடஞ்சு போயிருவாரு. அவரா கூப்புடோணும், அப்ப வா. உன்ற கடுதாசி நேத்து வந்துச்சு, குஞ்சு பொரிச்ச கடுதாசி. படிச்சுப்போட்டுத் தலகாணிக்கடியில வெச்சிருக்காரு.

மயில்சாமி


கால்வாய் முகாம்
18 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தாவுக்கு,

சலாம். மயில்சாமி மாமா எழுதிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். திட்ட வேண்டிய ஆள் நீங்கள். மகளிடம் ஈரோட்டுக்குப் போகிறேன் என்று எழுதிவிட்டு ஆப்பரேஷன் மேஜையில் படுக்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். கோபம் போன பிறகு அழுதேன், இப்போது மறுபடி கோபம் வந்திருக்கிறது.

உடனே கிளம்பி வரத்தான் பெட்டியைக் கட்டினேன். நீங்கள் கூப்பிடாமல் வரக் கூடாது என்று மாமா தடுத்துவிட்டார். ஆகையால் வரவில்லை. ஆறு வயதில் நீங்கள் கூப்பிட்ட பிறகுதான் வந்தேன். இப்போதும் அப்படித்தான்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இதுவரை யாரும் கேட்காத குரலைப் பதிவு செய்து கேட்பது. டப்பாவில் இருக்கிற கருவியின் குரலை நான் இன்னும் கேட்கவில்லை. ஒரு கார்டு அனுப்புங்கள். கரடிச் சட்டை தேவையில்லை, நம் கடைக்குள் காற்று கிடையாது.

அழைப்புக்குக் காத்திருக்கும்,
நிலோஃபர்


கோட்டைமேடு
2 நவம்பர் 2024

என் அம்மணிக்கு,

வ அலைக்கும் ஸலாம். இந்த முறை உண்மையாகவே நலம். இட்லி சாப்பிடுகிறேன். காலையில் பெரிய கோயில் வழியாகப் பெரிய கடை வீதி வரை நடக்கிறேன். உன் அம்மாவுக்குக் கல்யாணமாகி முப்பது வருடத்தில் இப்போதுதான் வீட்டில் பேச இடம் கிடைத்திருக்கிறது, அதை ஒரு நிமிடமும் வீணாக்குவதில்லை.

நான் சொல்லாததற்குக் காரணம் பயம்தான். ஊரில் யாரும் என் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டதில்லை, வாயைத் திறந்த பிறகுதான் சிக்கந்தர் பாயா என்பார்கள். குரல் இல்லாமல் உன் முன்னால் நின்றால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

உன் செப்டம்பர்க் கடிதத்தை மயில்சாமி கொண்டுவந்து கொடுத்த அன்று டப்பாவைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. அந்தப் பாதி மேட்டுக்காரன் இரண்டாம் மழைக்கும் வந்து அதே பள்ளத்தில் உட்கார்ந்து கத்தியது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு தேரைக்கு இருக்கிற ரோஷம் எனக்கு இல்லையா என்று தோன்றியது. பிறகு நீ திட்டி எழுதியதும் வந்தது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்தேன். ஆம்ப்ளிஃபயரைத் துடைத்து, மைக்கை நானே மாட்டி, கருவியைக் கழுத்தில் வைத்தேன். முதலில் வந்த சத்தத்தைக் கேட்டு மயில்சாமி ஃபியூஸ் போய்விட்டது என்று மெயினை அணைத்துவிட்டான்.

அது மனிதக் குரலும் இல்லை, இயந்திரமும் இல்லை. கலப்பு. விதிப்படி பெயர் வைக்கக் கூடாது. உன் தேரைக்குப் பெயர் கிடைக்காததற்கு வருத்தப்படாதே. டீக்கடையில் கேட்கிறவர்களுக்கு மயில்சாமி பதில் வைத்திருக்கிறான்: "அது கலப்புங்க. அதுக்குப் பேரு வெக்கறதில்லீங்க. சும்மா அம்மணின்னுதான் கூப்புடுவாங்க."

கார்டு இத்துடன் இருக்கிறது. சென்னிமலையில் கூப்பிட்டது போலவே வரிசையாகக் கூப்பிட்டிருக்கிறேன். அடையாளம் தெரியாவிட்டால் பொய் சொல்ல வேண்டாம், தெரியவில்லை என்றே எழுது.

அத்தா


கால்வாய் முகாம்
12 நவம்பர் 2024

அன்புள்ள அத்தாவுக்கு,

சலாம். கார்டு இன்று காலை பால் வண்டியில் வந்தது. சாப்பாட்டுக் கூடாரத்தில் எல்லாரும் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஓர் ஓரமாக உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டேன்.

பொய் சொல்ல வேண்டாம் என்றீர்கள். 'மைக் டெஸ்டிங்' என்றது, அது யார் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை 'நிலோஃபர்' என்றது. அப்போதும் தெரியவில்லை. யாரோ ஒரு பெண்ணை யாரோ கூப்பிடுகிறார்கள் என்றிருந்தது. பயந்துபோனேன் அத்தா, கையில் ரொட்டி அப்படியே இருந்தது.

அப்புறம் கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, "அம்மணி. அத்தா கூப்புடறேன். வா கண்ணு."

காதில் ஹெட்போன் இருந்ததால் நான் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்குத் தெரியவில்லை. கூடாரமே எழுந்து நின்றுவிட்டது. என்ன சொல்லிக் கத்தினாய் என்று கேட்டார்கள். அவர்கள் மொழியில் அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நாளைக்கு ஜோத்பூரில் ரயில். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். தபால்காரர் கொடுக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன், ஆனாலும் பிரித்துப் படியுங்கள். நான் கத்தியதை எழுத்தில் போட்டு உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

வாரேன் அத்தா, வாரேன்.

அம்மணி